காண்டா சுமந்தபோது வாராத கவலை

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் தமிழன் காலூன்றிய நாள்முதல் நம் பெண்கள் கருவுற்ற உடலோடு உழைத்தே வந்திருக்கின்றனர். அவ்வுழைப்பைக் கண்டு ஊர் பதறியதாக நான் கேட்டதில்லை. இன்று ஒருத்தி தன் சொந்த விருப்பத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், 5 கிலோமீட்டர் தொலைவைக் கருவோடு ஓடிக் கடந்தாள் என்றதும் ஊர் முழுதும் பதறுகின்றது. இந்தப் பதற்றம் பிறவாத குழந்தையின்மேல் கொண்ட பரிவினால் எழுந்ததன்று என்பதே என் கட்சி. பின் எதனால் எழுந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. சொற்கள் சற்றுச் சூடாக விழுமாயின் வாசகர் பொறுத்தருள்க.

நடந்தது இதுதான். அண்மையில் ஈப்போவில் நடைபெற்ற சாலை ஓட்டம் ஒன்றில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஐந்து திங்கள் கருவோடு கலந்துகொண்டார். வெற்றிக் கிண்ணத்திற்காக ஓடியவர் அல்லர். தம் பள்ளியில் குறுக்கோட்டத்திற்கு மாணவரைப் பழக்குபவர்; பல ஆண்டுகளாக வார இறுதியில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் ஓடிப் பழகியவர். மெல்ல ஓடினார், ஏற்றத்தில் நடந்தார், தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்று குடித்தார், முடிவுக் கோட்டைக் கடந்தார், பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். தாய்சேய் நல நிலையத்துத் தாதியிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டே ஓடினார் என்பது பின்னர்த் தெரிந்தது. முன்னரே தெரிந்திருந்தாலும் பேசியவர்கள் பேசத்தான் செய்திருப்பார்கள்.

எவரோ எடுத்த புகைப்படம் ஒன்று அன்று மாலைக்குள் புலனக் குழுக்களில் உலா வந்தது. 'இது என்ன திமிர்?' என்றார் ஒருவர். 'கேட்பதற்குக் கணவன் இல்லையா?' என்றார் இன்னொருவர். 'பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சரம்மா செய்யும் வேலையா இது?' என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். இவர்களுள் எவரும் மருத்துவர் அல்லர். பெரும்பாலோர் கடைசியாக எப்போது ஓடினர் என்பது அவர்களுக்கே நினைவிராது. இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் வாளா இருந்திருப்பேன். பொதுப்பணியில் நீண்ட நாள் ஈடுபட்ட பெரியவர் ஒருவர், 'தலைமையாசிரியர்கள் கூடி இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டாமா?' என்று எனக்கே எழுதிக் கேட்டிருந்தார். அவருக்குத் தனியே மறுமொழி எழுதவில்லை. இதுவே மறுமொழி.

ஐயா, முடிவு கட்டுமுன் பழங்கணக்கு ஒன்றைப் பார்த்துவிடுவோம். பெரட்டுக் களத்தில் விடியுமுன்னே பெயர் கூப்பிட்ட காலத்தை நீர் அறிவீர், நானும் அறிவேன். ஆளுக்கு ஒரு நிரை. நிரைக்கு நானூறு மரம், ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு முறை குனிய வேண்டும். கோடு தாழ்ந்திருந்தால் முழங்காலை மடக்கி வெட்ட வேண்டும். உயர்ந்திருந்தால் கழுத்தை அண்ணாந்து வெட்ட வேண்டும். வெட்டி முடித்துச் சற்றே இளைப்பாறியதும் மீண்டும் முதல் மரத்திலிருந்து தொடங்கி, மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றி, மேடும் பள்ளமுமான வழியில் பால் நிறுக்கும் கொட்டகைவரை நடக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் செம்மண் சரிவில் கால் வழுக்கும், அட்டை ஏறும், பாலைக் கொட்டிவிட்டால் அன்றைய கூலியும் கொட்டிப்போகும். இவ்வளவையும் ஏழு மாதம், எட்டு மாதம் நிறைந்த வயிற்றோடு செய்த பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தனர். வலி கண்டு வீடு வந்து சேருமுன்னே மரத்தடியில் பிள்ளை பெற்றவர்களின் கதை எந்தத் தோட்டத்து மூதாட்டியைக் கேட்டாலும் கிடைக்கும்.

என் அன்னையாரும் அவர்களுள் ஒருவர். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் என் தங்கையை வயிற்றில் சுமந்தபடி அவர் பால்வெட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கின்றேன். பள்ளி விடுமுறையில் கட்டிப்பால் பொறுக்க அவரோடு போனவன் நான். நிறைமாதத்தில் குனிய இயலாமல் ஒரு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு மறுகையால் உளியை இழுப்பார். அவர் நிரைக்கு அடுத்த நிரையில் இருந்தவர் காண்டாவைக் கொஞ்ச தூரம் வாங்கிச் சுமப்பதுண்டு. அந்த அடுத்த நிரைக்காரரும் ஒரு பெண்ணே. தண்டல் வந்தார், மரப்பட்டையில் காயம் விழுந்திருக்கின்றதா என்று பார்த்தார், போனார். கிராணி வந்தார், எடையைப் பார்த்தார், போனார். கோயில் தலைவர் வரவேயில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கேட்டவர் எவர்? தோட்டத்துக் கள்ளுக்கடையில் மாலைதோறும் உலக நடப்பு முழுவதையும் அலசிய ஆண்மக்களுள் ஒருவரேனும் இதைப் பற்றி வாய்திறந்தாரா?

'அது வயிற்றுப்பாடு, இது பொழுதுபோக்கு; இரண்டையும் ஒப்பிடலாமா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இக்கேள்விக்குள்ளேயே உங்கள் ஒப்புதல் வாக்குமூலம் அடங்கியிருக்கின்றது. கூலிக்கு அசைந்தால் கரு தாங்கும், மகிழ்ச்சிக்கு அசைந்தால் கரு கலையும் என்று எந்த மருத்துவ நூல் சொல்கின்றது? கருப்பைக்குக் கால் எதற்காக அசைகின்றது என்பது தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் இரத்தம் வருகின்றதா, உடல் அளவுக்கு மீறிச் சூடேறுகின்றதா, தாய்க்குப் போதிய உணவும் ஓய்வும் இருக்கின்றனவா என்பவையே. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நெடுநேரம் நின்று பாரம் தூக்கும் கட்டாய உழைப்பே கருவுக்குக் கேடு செய்யக் கூடியது. ஓடுகின்றவள் மூச்சு வாங்கினால் நின்றுவிடுவாள். தலை சுற்றினால் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். விருப்பமில்லையெனில் பாதியில் வீடு திரும்புவாள். என் அன்னையாரால் நூறாவது மரத்தோடு நிறுத்திக்கொள்ள முடிந்ததா? நிறுத்த முடியாதவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள், எந்நேரமும் நிறுத்திக்கொள்ளக் கூடியவளை நிறுத்தப் புறப்பட்டிருக்கின்றனர்.

இன்னுமொன்று. தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில்வரை செல்லும் ஊர்வலத்தில், தலையில் பால்குடமும் வயிற்றில் பிள்ளையுமாகப் பெண்கள் வெறுங்காலோடு நடந்து செல்வதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். சூடேறிய தார்ச்சாலை, நெருக்கும் கூட்டம், முந்திய நாள்முதல் விரதம். நாம் என்ன செய்கின்றோம்? கையெடுத்துக் கும்பிட்டு வழிவிடுகின்றோம். நானும் வழிவிடுபவனே; நேர்ந்துகொண்டவளின் உறுதியை மதிக்கின்றேன். என் வினா வேறு. பட்டினியோடு வெயிலில் நடப்பவளுக்கு இல்லாத ஆபத்து, வயிறார உண்டு விடியற்காலையில் தக்க காலணியோடு ஓடுபவளுக்கு எங்கிருந்து முளைத்தது? தெய்வத்திற்காக நடந்தாலும் தோட்டத்துரைக்காக நடந்தாலும் குடும்பத்திற்காக நடந்தாலும் நமக்குக் குறையில்லை. தனக்காக நடந்தால்தான், தனக்காக ஓடினால்தான், நமக்கு வயிற்றைக் கலக்குகின்றது.

மருத்துவம் என்ன சொல்கின்றது என்பதையும் பார்த்துவிடுவோம். ஏனெனில் என்னைக் கண்டித்து எழுதப்போகும் அன்பர்கள் அறிவியலின் பெயரால்தான் எழுதுவார்கள். அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகம் 1985ஆம் ஆண்டில் கருவுற்ற பெண்ணின் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 140ஐத் தாண்டலாகாது என்று ஒரு வரம்பு கட்டியது. அவ்வரம்பிற்குப் போதிய சான்று இல்லையென்று 1994இல் அக்கழகமே அதைக் கைவிட்டது. நம்மூரில் அது இன்னும் வாய்வழிச் சட்டமாக உலவுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், தடையேதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென்றும், முன்பே கடுமையான பயிற்சியில் பழகியவர்கள் அதைத் தொடரலாமென்றும் கூறுகின்றது. 'தொடரலாம்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆண்டு முழுதும் நாற்காலியில் இருந்தவள் கருவுற்றபின் புதிதாகப் பந்தயத்தில் குதிக்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை.

பிரிட்டனில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பூங்காக்களில் 5 கிலோமீட்டர் ஓடும் 'பார்க்ரன்' என்னும் மக்கள் இயக்கம் உண்டு. அதில் பங்குபெற்ற 1293 பெண்களிடம் கேட்டறிந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. கருவுற்ற காலத்தில் ஓட்டத்தைத் தொடர்ந்தவர்களுக்கும் விட்டுவிட்டவர்களுக்கும் பேறுகாலத்திலோ குழந்தையின் எடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி கொண்டு குழந்தையை வெளிக்கொணர நேர்ந்த பேறுகள் மட்டும் ஓடியவர்களிடையே சற்று மிகுதி. அதையும் மறைக்காமல் சொல்கின்றேன். அவர்கள் பெரும்பாலும் நலமுற்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கின்றேன். ஈப்போவின் வெயில் வேறு. காலை ஒன்பது மணிக்கு மேல் இங்கே ஓடுவது சாதாரண ஆளுக்கே கேடு. கருவுற்றவளுக்கு, அதிலும் முதல் மூன்று திங்களில், உடல் மிதமிஞ்சிச் சூடேறுவது குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சியையே பாதிக்கக் கூடும். நச்சுக்கொடி தாழ்ந்து கருப்பை வாயை மூடியிருப்பவள், முன்சூல் வலிப்பின் அறிகுறியாக இரத்த அழுத்தம் ஏறியவள், கடுஞ்சோகை உடையவள், குறைமாதப் பேற்றின் அறிகுறி தோன்றியவள் ஆகியோர் ஓடவே கூடாது. ஓடும்போது உதிரம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ அக்கணமே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்து ஆராய்ந்து சொல்வதற்கு நம் நாட்டில் தாதியர் இருக்கின்றனர். கர்ப்பிணியின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற அடையாளமிட்டு, எவளுக்கு எவ்வளவு ஆபத்து என்று வகைப்படுத்திக் காக்கும் முறை நம்முடையது. அந்த நிறத்தைப் பார்த்துத் தாதி 'ஓடாதே' என்றால் ஓடலாகாது. புலனத்தில் எவரோ 'ஓடாதே' என்றால் அது வேறு.

அறிவியலைக் கையில் எடுத்த பிறகு பாதியில் கீழே வைக்கலாகாது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4. பேறுகாலத்து நீரிழிவிலும் நம் பெண்கள் முன்வரிசையில் நிற்கின்றனர். கருவுற்ற செய்தி தெரிந்த நாளிலிருந்து, 'அசையாதே, இருவருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்று நெய்யும் இனிப்பும் ஊட்டி, வளைகாப்பில் ஏழு வகைச் சோறு கிளறிப் போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி வைக்கின்றோமே, அதைக் கண்டு எவரேனும் படம் எடுத்துப் புலனத்தில் போட்டு, 'வயிற்றுப் பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிட்டால்?' என்று கேட்டதுண்டா? தோட்டத்தில் அளவுக்கு மீறி வருத்தினோம். வீடமைப்புப் பகுதிக்கு வந்தபின் அளவுக்கு மீறி உட்கார்த்தி வைக்கின்றோம். இரண்டிலும் அவளை ஒரு சொல் கேட்கவில்லை.

பெண் ஓடினால் உடல் கெடும் என்னும் அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று, வெள்ளையருக்கும் இருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியதன் விளைவாக, அப்போட்டி 1960வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு இல்லாமலே போயிற்று. பாஸ்டன் மராத்தானில் 1967இல் எண் அணிந்து ஓடிய கேத்ரின் சுவிட்சரை அதிகாரி ஒருவர் நடுவழியில் பிடித்திழுத்து வெளியேற்றப் பார்த்தார். பெண்கள் நெடுந்தொலைவு ஓடினால் கருப்பை கீழிறங்கிவிடும் என்று படித்தவர்களே அஞ்சிய காலம் அது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மராத்தான் 1984இல்தான் வந்தது. எவருடைய கருப்பையும் சாலையில் விழவில்லை. அந்த அதிகாரிகள் பெற்ற பேரப்பிள்ளைகள் இன்று பாட்டிமாரோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நம் மாநிலத்திற்கே வருவோம். பேராக்கில் பிறந்த நூர் சூர்யானி முகமட் தாய்பி 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவோடு 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் இறங்கினார். 34ஆம் இடம் பெற்றார். தன்னலக்காரி என்றும் பித்துப்பிடித்தவள் என்றும் அப்போதும் பலர் தூற்றினர். கணவர் மட்டும் கிடைத்த வாய்ப்பை விடாதே என்றார். நாடு திரும்பி நலமாகப் பெண் மகவை ஈன்றார். துப்பாக்கி சுடுவதில் கால் ஓடவில்லையே என்று குறுக்கே பேசுவோர்க்கு இன்னும் சொல்கின்றேன். அமெரிக்காவின் அலீசியா மொந்தான்யோ 2014இல் தம் நாட்டுத் தேசியப் போட்டியில் 34 வாரக் கருவோடு 800 மீட்டர் ஓடினார். எல்லாருக்கும் பின்னால்தான் வந்தார். அரங்கம் கைதட்டி வரவேற்றது. பெங்களூரில் ஆண்டுதோறும் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டம் 2020 டிசம்பரில் கொள்ளைநோயின் காரணமாக அவரவர் இடத்திலேயே ஓடிப் பதியும் முறையில் நடந்தபோது, ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் 62 நிமிடத்தில் ஓடி முடித்தார். அவரும் பல ஆண்டுகளாக ஓடிப் பழகியவர். மருத்துவரைக் கேட்டே ஓடியவர். மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் துரோணவல்லி ஹரிகா நிறைமாத வயிற்றோடு அமர்ந்து ஆடி இந்திய மகளிர் அணியுடன் வெண்கலம் வென்றார். அது உட்கார்ந்து ஆடும் ஆட்டம்தான். ஆனாலும், பல நாள் தொடர்ந்து நடந்த அப்போட்டிக்கு ஒரு கர்ப்பிணி வரலாம் என்று கருதி வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தார்களே, அந்த மனப்பாங்குதான் நான் சுட்ட விரும்புவது.

தாப்பாவில் பிறந்த எம். இராஜமணி 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றபோது நம் சமுதாயம் எவ்வளவு பூரித்தது என்பதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இன்றும் எந்த மேடையிலும் அப்பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். பதக்கம் கொணரும் காலுக்கு மாலை. பதக்கம் கொணராத காலுக்கு விலங்கு. கன்னிப் பெண்ணாய் இருந்தவரை 'ஓடு, ஓடு' என்று கரையோரம் நின்று கத்துகின்றோம். தாலி ஏறியதும் குரல் தாழ்கின்றது. வயிறு தெரிந்ததும் அதே வாய் ஏசுகின்றது.

இவ்விடத்தில் மற்றொரு சாராரையும் சாடாமல் விட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். அதே புகைப்படத்தைப் போட்டு 'வீரத்தாய்' என்றும் 'தமிழச்சியின் மறம்' என்றும் முழங்கியவர்களும் இருந்தனர். ஏனையா, ஒரு பெண் காலையில் ஓடிவிட்டு வந்தால் அவளை ஏன் புறநானூற்றுக்குள் இழுத்துப் போடுகின்றீர்கள்? 2011இல் சிகாகோ மராத்தானை 39 வாரக் கருவோடு பாதி ஓடியும் பாதி நடந்தும் முடித்த ஒருவர் சில மணி நேரத்தில் குழந்தை பெற்றார். உலகப் பத்திரிகைகள் அதைக் கூத்தாக்கின. அவர் உடல், அவர் மருத்துவர், அவர் முடிவு. ஆனால் அதைப் பிறருக்கு அளவுகோலாக நீட்டுவது கொடுமை. மசக்கையில் எழுந்து நிற்க முடியாத பெண்ணிடம் 'அவள் ஓடுகின்றாளே, உனக்கு நடக்கக் கூடவா முடியவில்லை?' என்று கேட்கும் மாமியாரை நாளைக்கே நான் காண்பேன். ஓட வேண்டுமென்று எவளையும் நான் சொல்லவில்லை. படுத்திருக்க விரும்புபவள் படுத்திருக்கட்டும்.

இது ஏன் பள்ளிக்கூடத்து விவகாரமும் ஆகின்றது என்பதற்கு வருகின்றேன். 2009இல் சிலாங்கூரில் தற்காலிக ஆசிரியையாகப் பணி பெற்ற ஒரு பெண், கருவுற்றிருப்பதை ஒப்புக்கொண்டதும் பணியாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அவர் வழக்குத் தொடுத்தார். 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், கருவுற்றிருப்பதைக் காரணங்காட்டி வேலை மறுப்பது பெண் என்பதால் காட்டும் பாகுபாடே என்றும், அது கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுக்கு மாறானது என்றும் தீர்ப்பளித்தது. அப்பிரிவில் பாலினம் என்னும் சொல்லே 2001இல்தான் சேர்க்கப்பட்டது. 'கர்ப்பிணிக்கு வேலை பார்க்க முடியாது, அவள் நலத்துக்காகவே சொல்கின்றோம்' என்னும் பழைய பாட்டு அன்று நீதிமன்றத்தில் எடுபடவில்லை. நம் வாசற்படியில் அது இன்னும் ஒலிக்கின்றது. முடிவு கட்டச் சொல்லும் பெரியவரே, ஓர் ஆசிரியை தம் ஓய்வு நாளில், தம் உடலோடு, சட்டம் தடுக்காத ஒரு செயலைச் செய்ததற்காகத் தலைமையாசிரியன் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்கின்றீர். அந்த அதிகாரம் எனக்கு எந்த நாளில் வந்தது? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வியும் படித்தேன், குழந்தை உளவியலும் படித்தேன். ஆசிரியைகளின் வயிற்றைக் காவல் காக்கும் பாடம் எதுவும் அங்கே இல்லை.

பாடம் உண்மையில் வேறிடத்தில் நடக்கின்றது. எங்கள் பள்ளியில் குறுக்கோட்டத்திற்குப் பெயர் கொடுக்கும் மாணவியர் நான்காம் ஆண்டில் நிறைய. ஆறாம் ஆண்டில் குறைவு. வயதுக்கு வந்த பிள்ளை ஓடக் கூடாது என்று வீட்டில் தடுப்பதாகப் பெற்றோரே வந்து சொல்கின்றனர். 'கருப்பை தளர்ந்துவிடும், நாளைக்குப் பிள்ளை பிறக்காது' என்று ஒரு தாய் என் அறையில் அமர்ந்து சொன்னார். பன்னிரண்டு வயதில் இல்லாத பிள்ளைக்காக ஒருத்தியை நிறுத்துகின்றனர். இருபத்தெட்டு வயதில் இருக்கின்ற பிள்ளைக்காக நிறுத்துகின்றனர். இடையில் நின்றது நின்றதுதான். நாற்பதில் சர்க்கரையும் கொழுப்பும் கூடி மருத்துவர் 'நடங்கள்' என்று சொல்லும்போது, நடப்பதற்கே பழக்கமில்லாத ஒரு தலைமுறையை நாம் உருவாக்கி வைத்திருக்கின்றோம். தம் ஆசிரியை ஐந்து மாத வயிற்றோடு மெல்ல ஓடி வந்ததைக் கண்ட மாணவியர், அப்படத்தைப் பார்த்துச் சிரித்தனராம். மறுவாரம் பயிற்சிக்கு வந்தனராம். எனக்குச் சொன்னவர் அப்பள்ளித் தலைமையாசிரியை.

ஓட்டம் நடத்துவோரிடமும் ஒரு விண்ணப்பம். கர்ப்பிணி பதிவு செய்ய வந்தால் கணவரின் இசைவுக் கடிதம் உண்டா என்று கேட்கும் ஏற்பாட்டாளர் ஒருவரை நானறிவேன். வேண்டியது அதுவன்று. தொடக்கம் காலை ஏழு மணிக்குப் பிந்தலாகாது. தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். மருத்துவ ஊர்தி ஒன்று வழியில் நிற்க வேண்டும். நடந்து முடிப்பவருக்கும் பாதையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பதிவுத் தாளில் மருத்துவரைக் கண்டு வரும்படி ஒரு வரி இருக்கலாம். இவ்வளவும் செய்தால் கர்ப்பிணி மட்டுமல்லள், அறுபது வயதுக்காரரும் நலமாக வீடு திரும்புவார்.

கருவின்மேல் உண்மையான கவலை உடையவர்களுக்குச் செய்வதற்கு வேலை நிறையவே இருக்கின்றது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தனியார் துறைத் தாய்மாருக்குக் கொடுத்த பேறுகால விடுப்பு 60 நாள். அது 98 நாளாக உயர்வதற்கு 2023 சனவரி 1வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளில் இந்த நாள்கணக்கைக் கூட்டவேண்டுமென்று நம் புலனக் குழுத் தலைவர்களுள் எத்தனை பேர் ஒரு கடிதம் எழுதினார்கள்? இரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் எஞ்சியிருக்கும் நம் பெண்கள் உதிர்ந்த பழம் பொறுக்கவும் உரம் போடவும் இன்றும் போகின்றனர். அவர்களுள் கருவுற்றவர் எவர், எந்தத் தாதி எப்போது போய்ப் பார்த்தார், இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். படம் எடுத்துப் போடுங்கள். அதை நானும் பத்துப் பேருக்கு அனுப்புவேன்.

அந்த ஆசிரியைக்குப் பேறுநாள் நெருங்குகின்றது. விடுப்பில் போகுமுன் தம் இரண்டாம் ஆண்டு வகுப்பை ஒப்படைக்க ஆள் வேண்டுமென்று பள்ளி முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டது. மாற்றாசிரியர் இன்னும் வந்தபாடில்லை. இதைக் குறித்துப் பெரியவரிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.